'மாற்றம்' என்றால் அழித்துவிடுகிறார்கள்: ஐபிவி6 அறிவிப்புக்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

களப்பெயர் (ஒரு தளத்தின் இணையப் பெயர்) வைத்திருப்பவர்களுக்கான ஓர் அறிவிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறைக்கு அடுத்து வந்த ஐபிவி6 பற்றியது, மூன்றே பக்கம், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பழைய முகவரியோடு புதியதையும் சேர்ப்பதைச் சொல்லும் ஒரே ஒரு சொல்லில் நின்றுபோய்விட்டேன்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் யோசிக்காமல் 'மாற்றம்' என்று போட்டுவிடுவோம். இதற்கு முன் வேறோர் அறிவிப்பில் நானும் அப்படித்தான் போட்டேன்: "புதிய முகவரிக்கு மாறுங்கள்." அதைப் படித்த ஒருவர் தன் களப்பெயரின் பதிவுப் பட்டியலைத் திறந்து, பழைய ஐபிவி4 எண் இருந்த ஏ (A) பதிவை அழித்துவிட்டு, புதிய ஐபிவி6 எண்ணை நாலு ஏ (AAAA) பதிவாகப் போட்டார். அவருடைய கைபேசியில் தளம் திறந்தது. அலுவலகக் கணினியில் திறக்கவில்லை. சில வாசகர்கள் "தளம் இல்லை" என்று எழுத, சிலர் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுத, காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறு என்றேன், மாறினார்.

பழையது இருந்த இடத்திலேயே இருக்க, புதியது பக்கத்தில் வந்து சேர்வதைச் சொல்லும் சொல் வேண்டும். 'இரட்டை அடுக்கு' சில இடங்களில் புழங்குகிறது. வலையமைப்பு படித்தவருக்கு அது போதும். வலைப்பூ நடத்தும் ஒருவருக்கு எந்த அடுக்கு, எதன் மேல் அடுக்கு என்று புரியுமா? 'முகவரிப் பெயர்வு' சரிவருமா?

இலக்கண ஆசிரியர் எழுதியது:

'பெயர்வு' வேண்டாம் அம்மா. களப்பெயர்காரரிடம் பெயர்வு என்றால் தன் பெயருக்கே ஏதோ ஆகப்போகிறது என்று பதறுவார். இங்கே பெயர் பெயரவில்லையே.

இதற்கான விடை புணர்ச்சி இலக்கணத்திலேயே இருக்கிறது. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், னகரம் றகரமாகத் திரிந்தது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், மகரம் கெட்டது. பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. பூ அப்படியே இருக்கிறது, கொடியும் அப்படியே இருக்கிறது, நடுவே ஒரு ஙகரம் தோன்றியது. உங்கள் வாசகர் செய்தது கெடுதல். நீங்கள் சொல்ல விரும்பியது தோன்றல். 'மாற்றம்' என்ற சொல் இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. 'முகவரித் தோன்றல்' என்றே போடுங்கள்.

முகவரி என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். முகத்தில், அதாவது முகப்பில், எழுதும் வரி. உறைக்கு முகப்பு ஒன்றுதான், ஆனால் அதில் எத்தனை வரியும் எழுதலாம். 'வரி' என்பதற்கு எழுதுதல் என்ற பொருளும் உண்டு, கோடு என்றும் உண்டு, இசைப்பாட்டு என்றும் உண்டு. கானல்வரியில் வருவது இந்த வரிதான். 'விலாசம்' என்ற வடசொல்லுக்கு இத்தனை ஆழம் இல்லை.

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

ஐயா, பூங்கொடி விளக்கத்தை இனி வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன். ஆனால் அறிவிப்பில் 'தோன்றல்' என்று படிப்பவர் திரையில் ஏதோ தோன்றும் என்று காத்திருப்பார்.

'மாற்றம்' ஏன் தவறு என்பதற்கு என் பக்கத்துக் காரணமும் உண்டு. 1983 ஜனவரி 1 என்று நாள் குறித்து, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், கணினிகள் பேசிக்கொள்ளும் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, இன்றும் புழங்கும் டிசிபி/ஐபிக்குப் போனது. அதை மாற்றம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஐபிவி6-க்கு அப்படி ஒரு நாளே குறிக்கப்படவில்லை. முதல் வரையறை 1995-இல் வந்தது. பழைய ஐபிவி4-இன் 32 பிட் முகவரிகள் மொத்தமே 429 கோடிக்குச் சற்று மேல். உலக இருப்பில் மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுதிகளையும் 2011 பிப்ரவரி 3 அன்று வட்டார வாரியாக முகவரி வழங்கும் ஐந்து பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 2012 ஜூன் 6 அன்று கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்கள் புதிய முகவரியை நிரந்தரமாகத் திறந்தன. பழைய முகவரியையும் மூடாமல் வைத்திருந்தன. இரண்டு நெறிமுறைகளும் நேராகப் பேசிக்கொள்ளாது. ஐபிவி4 மட்டும் உள்ள கணினி நாலு ஏ பதிவைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அவருடைய அலுவலகக் கணினியில் தளம் திறக்கவில்லை.

இன்னொன்று: வரிசை. முதலில் தளம் இருக்கும் கணினியான வழங்கிக்குப் புதிய முகவரி கிடைக்க வேண்டும், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் தீயரண் அதற்குத் திறக்க வேண்டும், தளம் அந்த முகவரியில் பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு ஏ பதிவு கடைசி வேலை. எந்தச் சொல்லை வைத்தாலும் இந்த வரிசை அறிவிப்பில் இருக்கட்டும்.

என் பரிந்துரை 'இணைமுகவரி'.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

'இணைமுகவரி' அழகுதான், ஆனால் 'இணையமுகவரி'க்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடுவார்கள். 'துணைமுகவரி' என்றால் புதியதைக் கீழே வைப்பதாகிவிடும். 'உடன்முகவரி' என் தேர்வு. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று புழங்கும் சொற்களின் வரிசையில் இயல்பாக உட்காரும்.

ஏ பதிவு, நாலு ஏ பதிவு என்பதை ஏன் விட்டுவைத்தீர்கள்? 'அ பதிவு', 'நாலகரப் பதிவு' என்று ஆக்கலாமே. புதிய முகவரியில் எண்ணோடு எழுத்தும் வருகிறதே என்று தயங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுத்தையே எண்ணாக எழுதியவர்கள் நாம். அங்கே பத்து முதல் பதினைந்து வரைக்கும் எழுத்து வருகிறது, அவ்வளவுதான்.

களப்பெயர் வைத்திருப்பவரை 'உரிமையாளர்' என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கில் கட்டணம் கட்டிப் பதிந்து வைத்திருப்பவர்தானே அவர்? 'பதிவுதாரர்' என்பார்கள் சிலர். அந்த '-தாரர்' எனக்கு ஒப்பாது. 'பதிந்தவர்' போதும்.

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

'பதிந்தவர்' நன்று, களப்பெயரைப் பதிந்து கொடுக்கும் பதிவாளரோடு குழம்பாது. ஆனால் பதிவின் பெயரில் கை வைக்காதீர்கள். அவர் திரையில் ஏ என்ற ஆங்கில எழுத்துதான் இருக்கும், அறிவிப்பில் 'நாலகரம்' என்று இருந்தால் எதை அழுத்துவார்? நாலு ஏ என்ற பெயரில் ஒரு கணக்கும் இருக்கிறது: பழைய முகவரி 32 பிட், புதியது அதைப் போல நான்கு மடங்கு, 128 பிட். அதைக் கெடுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'இருமுகவரி நிலை'க்குத்தான் கூடுதல் ஆதரவு. இணைமுகவரிக்கும் உடன்முகவரிக்கும் தலா இரண்டு பேர். இருமுகவரி யாரையும் அசத்தவில்லை என்பது தெரிகிறது. ஆனால் தளம் நடத்தும் மூவரிடம் விளக்கம் இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் காட்டினேன். மூவருமே "இரண்டு முகவரியும் இருக்கணும், அதானே?" என்றார்கள். எனக்கு அது போதும்.

முதல் பத்தி இப்படிப் போகிறது: "உங்கள் களப்பெயர் மாறாது. பழைய முகவரியை அழிக்காதீர்கள். அதன் பக்கத்தில் புதிய முகவரி ஒன்றைச் சேர்க்கிறீர்கள். இதற்கு இருமுகவரி நிலை என்று பெயர்." பொறியாளர் சொன்ன வரிசை அடுத்த பத்தியில் வருகிறது. பூங்கொடி உதாரணத்தை வைக்க ஆசைதான், மூன்று பக்கத்தில் இடமில்லை.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

நாள் நெருங்கிவிட்டது, போடுங்கள் அம்மா. என் மறுப்பை மட்டும் பதிந்துவைக்கிறேன். 'இருமுகம்' என்று கேட்டதும் வஞ்சகம் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும். பழையன கழிதல் என்று ஒன்று இருக்கிறதே, ஐபிவி4-ஐ ஒருநாள் நிறுத்துவார்கள் அல்லவா? அன்று 'இரு' பொய்யாகிவிடும், வேறு சொல் தேட வேண்டிவரும். 'தோன்றல்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. தோன்றியது தோன்றியதுதான்.

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

ஐயா, அதற்கு எதிர்ச்சொல்லையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அந்த நாள் வந்தால் அறிவிப்பில் 'கெடுதல்' என்று போடலாமா என்று இப்போதே ஓர் இழை தொடங்குங்கள். நான் வருகிறேன்.