ஆறு மணி ஓ.பி.யும் ஆம்பிளைக்கு நேரமும்

கொல்லங்கோடு அக்கா: வாளையார் வேலு நேற்று எழுதியது: "பொம்பளைகளுக்கு ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்), அங்கன்வாடி எல்லாம் உண்டு. ஆம்பிளைக்கு நாதியில்லை. வேலைக்குப் போகிறவன் எப்போது டாக்டரைப் பார்ப்பான்?" ஏங்க, 2017-இல் கேரள அரசின் ஆர்த்ரம் சுகாதாரத் திட்டம் வந்த பிறகு குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் (அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்) மாலை ஆறு மணி வரை ஓ.பி. உண்டே! கள்ளுக்கடைக்கு மட்டும் நேரம் கிடைக்கிறதோ?

வாளையார் வேலு: ஆறு மணி போர்டில்தான். கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் முடித்து ஐந்தரைக்குப் போனேன். டோக்கன் முடிந்தது என்றார்கள்.

கோவிந்தாபுரம் தம்பி: நேரம் மட்டுமா காரணம் அண்ணே? 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பில், இந்திய அளவில் புகையிலை பயன்படுத்தும் ஆண்கள் 42.4 சதவீதம், பெண்கள் 14.2. பீடி பிடித்தால்தான் ஆம்பிளை என்று வளர்த்தது யார்? நெஞ்சு வலித்தாலும் வெளியே சொல்லாதே என்று வளர்த்தது யார்?

வாளையார் வேலு: பீடியை விடு. ஐந்தரைக்கு டோக்கன் உண்டா, இல்லையா?

கொல்லங்கோடு அக்கா: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்திய அளவில் மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். கணவருக்குச் செய்தது 0.3. அதற்கும் டோக்கன் தீர்ந்துவிட்டதா?

வாளையார் வேலு: அதைச் செய்தவன் மூட்டை தூக்க முடியுமா?

கோவிந்தாபுரம் தம்பி: தாராளமாக. கத்தியில்லாமல் சில நிமிடத்தில் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரம் போல பளு தூக்கக்கூடாது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான். 1971 ஜூலையில் எறணாகுளம் முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள்.

வாளையார் வேலு: பணம் கொடுத்தார்கள், போனார்கள். எனக்கு டோக்கன்கூடக் கொடுக்கவில்லை! அப்புறம், கள்ளுக்கடை என்று யாரைச் சொன்னீர்கள்? என் அப்பா கள்ளு இறக்கித்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

கொல்லங்கோடு அக்கா: இறக்கினவரைச் சொல்லவில்லை, குடிக்கிறவரைச் சொன்னேன். போன ஓணத்துக்கு யார் எங்கே கிடந்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

வாளையார் வேலு: சீட்டுக் காசு பாக்கி வைத்த வீட்டுக்காரர்கள் ஓணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

கோவிந்தாபுரம் தம்பி: சண்டை இருக்கட்டும். அண்ணே, நீங்கள் கடைசியாக பிரஷர் பார்த்தது எப்போது?

வாளையார் வேலு: எனக்கென்ன பிரஷர்? கல்லு மாதிரி இருக்கிறேன்.

கொல்லங்கோடு அக்கா: அப்படியானால் அன்றைக்கு ஐந்தரைக்கு எதற்குப் போனீர்கள்?

வாளையார் வேலு: அது என் சொந்த விஷயம். டோக்கனுக்குப் பதில் சொல்லுங்கள்.