பிளானர் ஸ்டிக்கர் வடிவமைக்க எந்த மென்பொருள்? அனுபவப் பகிர்வு

காகிதக்குருவி

பிரதோஷம், அமாவாசை, கிருத்திகை, கேஸ் புக்கிங், பள்ளிக் கட்டணம் என்று நம் வீட்டு மாதத்துக்கு வேண்டிய சொற்களை, பிளானர் எனும் திட்டக் குறிப்பேட்டில் ஒட்டுவதற்காகத் தமிழிலேயே சிறு ஸ்டிக்கர்களாகச் செய்து விற்கிறேன். வடிவமைப்பு முழுவதும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில்தான். வீட்டு இயந்திரம் பெரிய ஆர்டரைத் தாங்காது என்பதால் தீபாவளிக்கு முன் ஓர் அச்சகத்திடம் எஸ்விஜி (படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) கோப்பைக் கொடுத்தேன். அவர்கள் தங்களிடமுள்ள இல்லஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளில் அதைத் திறந்து, தாள் முழுக்க நிரப்பி, அச்சிட்டு, வெட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

தாளைப் பிரித்துப் பார்த்தபோது "பிரதோஷம்" என்ற சொல்லில், தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "கிருத்திகை"யில் ரகரம் ஒரு பக்கமும் அதன் உகரச் சுழி ஒரு பக்கமுமாகப் பிரிந்திருக்க, ஐகாரக் குறி சொல்லின் வாலில் தனியே தொங்கியது. கொம்பும் சுழியும் இல்லாத "பால்", "பள்ளிக் கட்டணம்" ஆகிய இரண்டும் பிசகின்றி வந்திருந்தன. மேல் வரிசையில் அவைதான் இருந்தன என்பதால் கடையில் யார் கண்ணிலும் மற்றவை படவில்லை போலும்.

கடையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என் திரையில் சரியாக இருந்த எழுத்து அவர்கள் திரையில் ஏன் உடைந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. சந்தா கட்டி இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறினால் இது தீருமா? இரண்டிலும் தமிழை வைத்து வேலை செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈயஅச்சு

மாறுவதால் மட்டும் தீராது, சகோதரி. நான் பல ஆண்டுகள் டிடிபி வேலை பார்த்தவன். அந்த நாளில் ஒரு வாடிக்கையாளர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டிய திதிப் பட்டியலைக் கொண்டுவந்தார். எங்கள் கணினிகளில் ஒன்றில் அந்த எழுத்துரு இல்லை. அமாவாசைக்குரிய கறுப்பு வட்டத்துக்குள் ஆங்கிலச் சின்னெழுத்துகள் ஏழெட்டு வரிசையாக நின்றன. அதை ஏதோ நிறுவனத்தின் குறியீடு என்று எண்ணிப் பயிற்சிக்கு வந்த பையன் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டான். அந்தத் தாளில் ஒன்று இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் சிக்கல் அதற்கு நேர்மாறானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்புக்குத் தனி விசை உண்டு. தட்டிய வரிசையிலேயே நிற்பதால் எழுத்துரு இருக்கும்வரை எந்த மென்பொருளிலும் உடையாது. பல அச்சகங்கள் இன்றும் அதைக் கைவிடாததற்கு இதுவே காரணம். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "தோ" என்பது முதலில் தகரம், பிறகு ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது; கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இங்க்ஸ்கேப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் ஆகிய நிரல் நூலகங்களைக் கொண்டு அதைத் தானாகவே செய்துகொள்கிறது. இல்லஸ்ட்ரேட்டரிலும் முடியும், ஆனால் விருப்பத் தேர்வுகளில் இந்திய மொழி வசதியை இயக்கிவிட்டு, பத்திக்கான பலகத்தில் தெற்காசிய மொழிகளுக்குரிய, எழுத்துகளை அடுக்கித் தரும் கம்போசரைத் தெரிவு செய்திருக்க வேண்டும். ஆங்கில வேலையே பார்க்கும் கடையில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அஃபினிட்டி டிசைனர் என்ற வரைகலை மென்பொருளைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் இரண்டாம் பதிப்பு வரைக்கும் இந்த எழுத்துச் சேர்க்கை வசதியே கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: வெளியே போகும் கோப்பில் எழுத்து எழுத்தாக இருக்கவே கூடாது. இங்க்ஸ்கேப்பில் "ஆப்ஜெக்ட் டு பாத்", இல்லஸ்ட்ரேட்டரில் "கிரியேட் அவுட்லைன்ஸ்", கோரல் டிராவிலும் அஃபினிட்டியிலும் "கன்வர்ட் டு கர்வ்ஸ்" என்று பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. எழுத்து வெறும் கோட்டுருவமாக மாறிவிட்டால் எந்தக் கடையில் எந்த மென்பொருளில் திறந்தாலும் கொம்பு நகராது. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால், மாற்றிய பின் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டால் அந்தச் சொல்லை முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கும்.

விற்பனைக்கு என்றால் எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை, கவிவனர் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை என்பதால் அச்சிட்டு விற்பதில் தடை இல்லை. தடித்த எழுத்தை ஏழு பாயிண்ட் அளவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ணகரத்தின் சுழிகளில் மை நிரம்பி மூன்றும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும்.

அரையங்குலம்

ஈயஅச்சு ஐயா சொன்ன வழி எழுத்தைக் காப்பாற்றும், அளவைக் காப்பாற்றாது. "எந்த மென்பொருளில் திறந்தாலும்" என்ற இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன், ஏனென்றால் எனக்கு வந்த கோப்பில் எழுத்துகள் அனைத்தும் ஏற்கெனவே கோட்டுருவமாகத்தான் இருந்தன.

அமெரிக்காவின் எரின் காண்ட்ரென் பிளானரில் செங்குத்து அமைப்பு உள்ளதை வைத்திருக்கிறேன். அதன் கட்டம் 1.5 அங்குல அகலம் கொண்டது. அதை முழுதாக மூடும் ஸ்டிக்கர்களையே நம்மில் பலர் வாங்குகிறோம். இல்லஸ்ட்ரேட்டரில் செய்யப்பட்ட ஒரு தொகுப்பை இணையத்தில் வாங்கி, இங்க்ஸ்கேப்பில் திறந்து, நிறத்தை மட்டும் மாற்றி அச்சிட்டேன். திங்கட்கிழமைக் கட்டத்தின் மேல் முதல் ஸ்டிக்கரை வைத்தபோது பிளானரில் அச்சிட்டிருந்த கோடு நான்கு பக்கமும் வெளியே தெரிந்தது. அளவுகோலை வைத்தால் அங்குலமும் எட்டில் ஒரு பங்கும், அதாவது 1.125 அங்குலம். விற்றவர் தன் கோப்பு 1.5 அங்குலம்தான் என்று படம் எடுத்து அனுப்பினார். அவர் சொன்னதும் உண்மையே.

இல்லஸ்ட்ரேட்டர் ஓர் அங்குலத்தை 72 புள்ளிகளாகக் கணக்கிட்டு எஸ்விஜியில் எழுதுகிறது. இங்க்ஸ்கேப் அதே எண்ணை ஓர் அங்குலத்துக்கு 96 என்று படிக்கிறது. 72-ஐ 96-ஆல் வகுத்தால் முக்கால். ஆக, எல்லாமே முக்கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. இங்க்ஸ்கேப்பின் 0.92 பதிப்பு 2017-இல் வருவதற்கு முன்னர் அது 90 என்று கணக்கிட்டது. பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் திறக்கும்போது கேள்வி கேட்கும் பெட்டி ஒன்று வருவதற்கும் அதுவே காரணம். என்னைக் கேட்டால், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பிடிஎஃப்பாகக் கொடுப்பதே நல்லது, ஏனென்றால் அதில் அங்குலத்துக்கு 72 என்ற கணக்கு எங்கும் மாறாது. எஸ்விஜிதான் வேண்டும் என்றால் விளிம்பில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். திறந்தவுடன் அதை அளந்தால் தெரிந்துவிடும்.

எனக்கு இங்க்ஸ்கேப்பை விட மனம் வராததற்கு இன்னொரு காரணம் ஹோபோனிச்சி என்ற ஜப்பானிய நாட்குறிப்பு. அதன் ஏ6 நாட்குறிப்பின் கட்டங்கள் 3.7 மில்லிமீட்டர் அளவு கொண்டவை. இங்க்ஸ்கேப்பில் பின்னணிக் கட்டத்தையே 3.7 மி.மீ. என்று அமைத்து, இரண்டு கட்டத்துக்கு 7.4 என்று சரியாக ஒட்டும்படி வரையலாம். ஒரு காசு செலவில்லை.

கத்திமுனை

வடிவமைக்கும் மென்பொருளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கடைசியில் தாளை வெட்டப் போவது இயந்திரத்தோடு வரும் மென்பொருள்தான். நான் சில்ஹவுட், கிரிகட் என்ற வெட்டும் இயந்திரங்கள் இரண்டையும் வைத்து வேலை செய்கிறேன்.

சில்ஹவுட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு வெளியிலிருந்து வரும் எஸ்விஜியைத் திறக்காது. அதற்கு டிசைனர் எடிஷனை ஒரு முறை பணம் கட்டி வாங்க வேண்டும். வாங்காதவர்கள் இங்க்ஸ்கேப்பிலிருந்து டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டுருவக் கோப்பாகவோ பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகவோ எடுத்துச் சென்று, அங்கேயே விளிம்பைக் கண்டறிந்து வெட்டுக்கோடு வரைந்துகொள்ளலாம். கிரிகட்டின் டிசைன் ஸ்பேஸ் எஸ்விஜியை இலவசமாகவே ஏற்கும். ஆனால் அச்சிட்டு வெட்டும் பரப்பு பல ஆண்டுகளாக 6.75 × 9.25 அங்குலத்துக்குள்ளேயே இருந்தது. பெரிய தாள்களுக்கு இடம் கொடுத்தது பிற்பாடுதான். இரண்டாவது, அதில் கணக்குத் தொடங்காமல் வேலை நடக்காது. 2021 மார்ச்சில் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 வடிவங்களைத்தான் பதிவேற்றலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்ததும், பயனர்கள் கொதித்து எழுந்ததும், அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஸ்டிக்கர் தாள் ஒன்றுக்கே ஐம்பது சிறு படம் போடும் நமக்கு அந்த எண்ணைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்!

என் மனத்தில் நிற்பது வேறு. ஹாலோகிராம் தாளில் நட்சத்திரங்களும் பிறை நிலாவும் அச்சிட்டு இயந்திரத்துக்குள் செலுத்தினேன். கருவியின் தலை இடது மூலைக்குப் போய், தாளின் இருப்பிடத்தைக் காட்ட அச்சிடப்படும் கறுப்புச் சதுரத்தைத் தேடி, சிவப்பு வெளிச்சத்தை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டி, கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. தாள் பளபளத்ததால் கறுப்பின் மேல் விழுந்த ஒளியும் சிதறியிருக்கிறது. சதுரத்தின் மேலும் எதிர் மூலைகளில் உள்ள இரு கோணக் குறிகளின் மேலும் பளபளப்பற்ற ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு மீண்டும் செலுத்தினேன். தலை சதுரத்தின் மேல் நின்றது, கணத்தில் கத்தி இறங்கியது. இந்த ஒரு தந்திரத்தை எந்த மென்பொருளின் விளக்கக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

அரையங்குலம் அவர்களுக்கு ஒன்று. உங்கள் கணக்கு சரிதான். ஆனால் பிடிஎஃப்பை அவ்வளவு நம்ப வேண்டாம். வாங்கும் தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் தாளுக்கு, அதாவது 8.5 × 11 அங்குலத்துக்கு அமைக்கப்பட்டவை. நம் வீடுகளில் இருப்பது ஏ4. அச்சிடும் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பது தெரிவாகி இருந்தால், 215.9 மி.மீ. அகலம் 210-க்குள் அடங்க ஏறத்தாழ 97 விழுக்காடாகச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. வெட்டும்போது மட்டும் வலது பக்கக் கடைசி வரிசையில் கத்தி எழுத்தின் மேலேயே ஏறும். "உண்மை அளவு" என்பதைத் தெரிவு செய்யாமல் யாரும் அச்சுப் பொத்தானை அழுத்தக் கூடாது.

ழகரம்

இங்கே எல்லோரும் கோட்டுருவ மென்பொருளையே சொல்வதால் என் பக்கத்தையும் எழுதுகிறேன். நான் ஐபேடில் புரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துரு, கம்போசர், கொம்பு என்ற எந்தத் தொல்லையும் எனக்கு வந்ததே இல்லை, ஏனென்றால் கொம்பை நானே வரைகிறேன். ஒரு முறை பணம் கட்டினால் போதும், சந்தா கிடையாது.

ஆனால் அதில் வரைவது பிக்சல் எனும் புள்ளிகளால் ஆன புள்ளிப்படம். "ஞாயிற்றுக்கிழமை" என்று 1.5 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 450 புள்ளிகளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு அது பிடித்துப்போய், சுவர் நாள்காட்டியில் ஒட்ட ஆறு அங்குலத்துக்கு அதையே கேட்டார். ஆறு அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 75 புள்ளிதான் மிஞ்சும். சோதனைத் தாளில் ழகரத்தின் கீழ்வளைவு கோயில் குளத்துப் படிக்கட்டு போலத் தெரிந்தது. அந்த வளைவுக்காகத்தான் அவரே அதைக் கேட்டிருந்தார். இங்க்ஸ்கேப்பின் "டிரேஸ் பிட்மேப்" கொண்டு கோட்டுருவமாக்கினேன். விளிம்பு மென்மையானது, ஆனால் தூரிகையின் நடுக்கம் போய்விட்டது. அவர் வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் திருப்தியில்லை.

இதைப் படிக்கும் புதியவர்கள் இலவசம் என்று கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்துக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. தமிழ் அதில் சரியாகவே வரும், எழுத்துருக்களும் உண்டு. ஆனால் பின்னணி இல்லாத பிஎன்ஜியும் எஸ்விஜியும் கட்டணப் பதிப்பில்தான் இறக்க முடியும். அவை இரண்டும் இல்லாமல் வெட்டும் இயந்திரத்துக்கு எதைக் கொடுப்பது? அங்கே கிடைக்கும் ஆயத்தப் படங்களை மாற்றமின்றித் தனி ஸ்டிக்கராக விற்பதற்கும் அதன் உரிமம் இடம் தராது. அதே நிறுவனம் 2024-இல் அஃபினிட்டியை வாங்கி, 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கிவிட்டது. ஆகவே ஆங்கிலச் சொற்களும் படங்களும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்று பணம் கட்டாமலே இங்க்ஸ்கேப், அஃபினிட்டி என நல்ல கோட்டுருவ மென்பொருள்கள் இரண்டு கையில் இருக்கின்றன. இல்லஸ்ட்ரேட்டருக்கு மாதாமாதம் சந்தா கட்டித்தான் ஸ்டிக்கர் செய்ய வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

ஈயஅச்சு

இல்லஸ்ட்ரேட்டரை யாரும் கட்டாயம் என்று இங்கே சொல்லவில்லையே, ழகரம். நான் சொன்னது கடைக்காரரிடம் அது இருக்கிறது என்பதுதான். நடுக்கம் போய்விட்டது என்கிறீர்கள். டிரேஸ் செய்யும் முன் அதே எழுத்தை 2400 புள்ளி அகலத்தில் புதிதாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள், மென்மையாக்கும் அளவையும் குறைத்து வையுங்கள். தூரிகையின் சொரசொரப்பில் பெரும்பகுதி தங்கிவிடும். புரோகிரியேட்டில் தாள் பெரிதாக ஆக அடுக்குகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு அடுக்கு போதுமே.

காகிதக்குருவி

கோட்டுருவமாக மாற்றி, ஓர் அங்குலச் சதுரத்தையும் மூலையில் வைத்து, பிடிஎஃப்பாகக் கொடுத்தேன். அச்சகத்தில் இந்த முறை முதல் தாளை வெட்டும் முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கத்திமுனை அவர்களிடம் ஒரு கேள்வி: பளபளப்பற்ற அந்த ஒட்டுநாடாவை அச்சிட்ட உடனே ஒட்டலாமா, மை காயும்வரை காத்திருக்க வேண்டுமா?

கத்திமுனை

இங்க்ஜெட் அச்சு என்றால் நன்றாகக் காய விடுங்கள். ஹாலோகிராம் தாளில் மை மேலேயே நிற்கும். ஈரத்தோடு நாடாவை ஒட்டி, சரியில்லை என்று எடுத்தால் சதுரமும் நாடாவோடு வந்துவிடும்.