டைபாய்டுக்குப் பிறகு வயிறும் மனமும் சேர்ந்து கெட்டுவிட்டன, வழி சொல்லுங்கள்

என் தம்பிக்கு வயது 26, மதுரையில் இருக்கிறோம். பிப்ரவரியில் டைபாய்டு வந்து 14 நாள் ஆன்டிபயாடிக் எடுத்தான். காய்ச்சல் போனது, வயிறு தேறவில்லை. சாப்பிட்ட அரை மணியில் உப்புசம், தினமும் நாலைந்து முறை போகிறான். ஏப்ரலிலிருந்து பதற்றமும் சேர்ந்துகொண்டது. வேலைக்குக் கிளம்பி வாசல் வரை வருவான், கை சில்லிட்டுப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பிவிடுவான். பார்க்கவே தாங்கவில்லை.

கொலனோஸ்கோபி, தைராய்டு, மலப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்றார்கள். மனநல மருத்துவர் தந்த மாத்திரை மூன்று மாதமாகப் போகிறது, தூக்கம் தேவலை. அதை நிறுத்தப்போவதில்லை. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா மருந்து) ஒரு மாதம் கொடுத்தோம், பலனில்லை. அப்புறம் லோ ஃபாட்மேப் முறையில் (குடலில் புளித்து வாயு உண்டாக்கும் மாவு, சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை) வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமையை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. உப்புசம் பாதி குறைந்தது. பழைய சோறு ஒத்துக்கொள்கிறது, மோர் ஊற்றினால் இல்லை.

ஆனால் குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு முக்கியத் தீனியே நாங்கள் நிறுத்திய உணவுகளில் உள்ள நார்ச்சத்துதான். 2017இல் வெளியான ஆஸ்திரேலியாவின் ஸ்மைல்ஸ் ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருப்பும் முழுதானியமும் நிறைந்த உணவைத்தான் 12 வாரம் சாப்பிடச் சொல்லி வழிகாட்டினார்கள். இவனுக்கு அதையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படி நிறுத்திவிட்டு மீண்டவர்கள், நம் சாப்பாட்டில் எதை முதலில், எவ்வளவு அளவில் திரும்பச் சேர்த்தீர்கள்?