ஸ்பானிய மொழியினருக்கு ஆங்கிலச் சொல்வகைகளை எந்த வரிசையில் கற்பிப்பது?

குயீன்ஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸை ஒட்டிய ஒரு சமூகக் கூடத்தில் வார இறுதிகளில் பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் ஈக்வடார், கொலம்பியா, மெக்சிகோ ஆகிய நாடுகளிலிருந்து வந்து உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் இருப்பவர்கள். எங்களுக்குத் தரப்பட்ட பாடத்திட்டம், பெயர்ச்சொல்லில் தொடங்கி வியப்பிடைச்சொல் வரையிலான எட்டு வகைகளையும் வாரத்திற்கு ஒன்றாக, வரையறையோடு நடத்தச் சொல்கிறது. வரையறைகள் அவர்களுக்கு நன்றாகவே மனப்பாடம் ஆகின்றன. ஆனால் எழுதச் சொன்னால் "ஐ ஹேவ் ஹங்கிரி" என்றும், "ஈஸ் ரெய்னிங்" என்றும், "ஷூஸ் பிளாக்ஸ்" என்றும் எழுதுகிறார்கள். எந்த வகையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், எதற்கு அதிக நேரம் தர வேண்டும் என்பதை ஸ்பானியம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். சிலர் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள் என்பதால், இலக்கணக் கலைச்சொற்கள் அவர்களுக்குத் தேவைதானா என்ற ஐயமும் இருக்கிறது.

வலென்சியா ஆசிரியர்:

வணக்கம். முதலில் எட்டு என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஸ்பெயினின் பள்ளிகளில் ஆர்ட்டிகிளை (ஆங்கிலத்தின் "தி", "ஏ" போன்ற சொற்களை) தனி வகையாக எண்ணி ஒன்பது என்று சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். 1492இல் வெளிவந்த முதல் காஸ்டிலிய (அதாவது ஸ்பானிய) இலக்கணத்தில் அந்தோனியோ தே நெப்ரிஹா பத்து வகைகளைக் கூறினார். நம் இலக்கணமோ பெயர், வினை, இடை, உரி என நான்கோடு நிறுத்திக்கொண்டது. வகைகளின் எண்ணிக்கை மொழியை விவரிப்பவரின் வசதிக்காக ஏற்பட்டதே தவிர, கற்பவர் அதைச் சுமக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

உங்கள் மாணவர்களின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பானியத்தில் ஒரு சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் அதன் ஈறே காட்டிக்கொடுத்துவிடும். வினையின் மூல வடிவம் எப்போதும் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில்தான் முடியும். சமையல்காரர் "கொசினேரோ", சமைப்பது "கொசினார்". சுத்தமானது "லிம்பியோ", சுத்தம் செய்வது "லிம்பியார்". ஆங்கிலத்தில் இவ்விரண்டு இணைகளுக்கும் முறையே "குக்", "கிளீன்" என்ற ஒரே வடிவமே வருகிறது. "தி குக் கேன் குக்" என்ற சொற்றொடரைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். முதல் "குக்" பெயர் என்பதை முன்னால் நிற்கும் "தி" காட்டுகிறது, இரண்டாவது வினை என்பதை "கேன்" காட்டுகிறது. ஈற்றைப் பார்த்தே பழகிய கண்ணை, சொல் நிற்கும் இடத்தைப் பார்க்கப் பழக்குவதே உங்கள் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உணவகத்தில் வேலை செய்பவர்களுக்கு "ஓப்பன்", "டிரை", "கிளீன்" போன்ற சொற்கள் அன்றாடம் காதில் விழுபவை என்பதால், வேறு உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை.

அடுத்து, ஒரே கருத்தை இரு மொழிகளும் வெவ்வேறு வகைச் சொல்லால் சொல்லும் இடங்கள். நீங்கள் காட்டிய "ஐ ஹேவ் ஹங்கிரி" அப்படிப்பட்டதுதான். ஸ்பானியத்தில் "தெங்கோ ஆம்ப்ரே" என்பார்கள். பசி அங்கே பெயர்ச்சொல், அதை ஒருவர் வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதே பசி பெயரடையாகி, "ஐ ஆம் ஹங்கிரி" என்று "பி" வினையோடு சேர்கிறது. நமக்கோ "எனக்குப் பசிக்கிறது" என்று அது வினையாகவே வருகிறது. உங்கள் மாணவர் பெயரைப் பெயரடையாக மாற்றிவிட்டு, வினையை மட்டும் பழையபடி விட்டிருக்கிறார். பாதி தூரம் வந்துவிட்டார் என்பதே அதன் பொருள். தாகம், குளிர், வெப்பம், அச்சம், தூக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஸ்பானியத்தில் இதே "தெனேர்" (வைத்திருத்தல்; "தெங்கோ" இதன் வடிவமே) வினைதான் வரும். வயதுக்கும் அதுவே என்பதால்தான் "மை டாட்டர் ஹேஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதுகிறார்கள். இவற்றைத் தனித்தனிப் பிழைகளாகத் திருத்தாமல் ஒரே வகுப்பில் ஒன்றாகக் கட்டிச் சொல்லிக்கொடுத்தால், ஒன்று புரிந்ததும் மற்றவை தாமாகவே சரியாகும்.

பெயரடையைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளே முக்கியம்: அது பெயருக்கு முன்னால் வரும், அதற்குப் பன்மை கிடையாது. ஸ்பானியத்தில் "காசாஸ் ரோஹாஸ்" (சிவப்பு வீடுகள்) என்று பெயரும் பெயரடையும் பாலிலும் எண்ணிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், "பிளாக்ஸ்" என்று எழுதுபவர் தம் மொழியின் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார். ஆங்கிலத்தில் உழைப்பு குறைகிறது என்று சொல்லிப் பாருங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள்.

"ஈஸ் ரெய்னிங்" என்பதற்குக் காரணம் வினையீறு. "ஆப்லோ" என்றாலே நான் பேசுகிறேன் என்று பொருள். நம் "பேசுகிறேன்" போலவே அங்கும் எழுவாயைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மழைக்கு "யுவேவே" என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம், அதற்கு எழுவாயே கிடையாது. ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது, பொருளற்ற "இட்" ஒன்றையாவது நிறுத்தும். ஆகவே பிரதிப்பெயரைத் தனிப் பாடமாக வைக்காமல், வினையோடு சேர்த்தே நடத்துங்கள்.

பழைய பயிற்றுநர்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் கலைச்சொற்கள் பற்றிய கேள்விக்கு விடை வரவில்லை. பள்ளியில் நெடுங்காலம் படித்தவர்களுக்கு "சுஸ்தந்தீவோ", "வெர்போ", "அத்ஹெதீவோ" என்ற சொற்கள் ஏற்கெனவே தெரியும். அவர்களிடம் ஸ்பானியப் பெயரையே பயன்படுத்தினால் போதும். படிப்பு குறைந்தவர்களிடம் எந்த மொழியிலும் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டாம். "தி" என்று எழுதி, பிறகு ஒரு கோடு, அதன் பிறகு "ஈஸ்", இன்னொரு கோடு என விட்டு, எந்தக் கோட்டில் எந்தச் சொல் பொருந்தும் என்று கேளுங்கள். "தி சூப் ஈஸ் ஹாட்" என்று நிரப்புபவர், பெயர்ச்சொல் என்ற சொல்லை ஒரு முறைகூடக் கேட்காமலே பெயரையும் பெயரடையையும் பிரித்துவிடுகிறார். வலென்சியா ஆசிரியர் அவர்கள் பெயர்ச்சொல்லை வேகமாகத் தாண்டிவிட்டார் என்றும் தோன்றுகிறது. "லா ஹெந்தே" (மக்கள்) அங்கே ஒருமை என்பதால் "பீப்பிள் ஈஸ்" வருகிறது. செய்தி, அறிவுரை, அறைகலன் ஆகியவை அங்கே எண்ணக்கூடியவை என்பதால் "தி நியூஸ் ஆர்", "அட்வைசஸ்", "ஃபர்னிச்சர்ஸ்" வருகின்றன. இவை சிறு பட்டியல்தான். ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் முதலில் கண்ணில் படுபவை. ஆர்ட்டிகிளும் அப்படியே. தொழிலைச் சொல்லும்போது ஸ்பானியத்தில் அது வராது, ஆகவே "ஐ ஆம் குக்". பொதுவாகச் சொல்லும்போது அங்கே வரும், ஆகவே "தி லைஃப் ஈஸ் ஹார்ட்".

குயீன்ஸ்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கோடிட்ட சட்டகத்தை அடுத்த வகுப்பிலேயே பயன்படுத்துகிறேன். வினையடையும் முன்னிடைச்சொல்லும் ("இன்", "ஃபார்" போன்றவை) எஞ்சியிருக்கின்றன. "ஐ லைக் வெரி மச் சாக்கர்", "ஐ வென்ட் டு தி ஸ்டோர் ஃபார் பை மில்க்" போன்ற வாக்கியங்களை எப்படி அணுகுவது?

வலென்சியா ஆசிரியர்:

ஆர்ட்டிகிளை நான் விட்டது நேரம் கருதியே. பயிற்றுநர் ஐயா சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வினையடையில் நற்செய்தி ஒன்று உண்டு. ஸ்பானியத்தின் "மெந்தே" என்ற ஈறு ஆங்கிலத்தின் "லி" ஈற்றுக்கு ஏறத்தாழ நேராகப் பொருந்துகிறது: "ராப்பிதாமெந்தே" என்பது "ராப்பிட்லி". "ஃபிரெண்ட்லி" பெயரடை என்பதையும், "ஹார்ட்லி" என்பது கடினமாக என்ற பொருளைத் தராது என்பதையும் மட்டும் எச்சரித்துவிடுங்கள். தொல்லை அதன் இடத்தில்தான். "மே குஸ்தா முச்சோ எல் ஃபுத்போல்" (எனக்குக் கால்பந்து மிகவும் பிடிக்கும்) என்பதில் "முச்சோ" (மிகவும்) வினையை ஒட்டியே வருகிறது. ஆங்கிலமோ வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையை இயல்பாக அனுமதிப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: ஸ்பானியத்தில் பிடிக்கப்படும் பொருளே எழுவாய், பிடித்தவர் "எனக்கு" என்ற வடிவில்தான் வருகிறார். இந்த அமைப்பு நம் "எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு மிக நெருக்கமானது. "ஐ லைக்" என்ற அமைப்பு அவர்களுக்கு ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்பதைத் தமிழராகிய நீங்கள் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

முன்னிடைச்சொற்களில் "என்" என்ற ஒன்றே ஆங்கிலத்தின் "இன்", "ஆன்", "அட்" மூன்றுக்கும் நிற்பதால், "இன் தி டேபிள்" வருவதில் வியப்பில்லை. இதற்கு வரையறை உதவாது. மேசையின் மேல் ஒரு தட்டையும் பெட்டிக்குள் ஒரு கரண்டியையும் வைத்துக் காட்டுங்கள். "டிபெண்ட் ஆஃப்", "மேரீட் வித்" போன்றவை ஸ்பானியத்திலிருந்து அப்படியே வருபவை. வினையையும் அதன் முன்னிடைச்சொல்லையும் ஒரே சொல்லாக எழுதிப் பழக்கினாலன்றி அவை மறைவதில்லை. "ஃபார் பை" என்பது ஸ்பானியத்தில் நோக்கத்தைக் காட்டும் "பாரா" என்பதன் நிழல். அதற்குப் பின் வினையின் மூல வடிவம் வருவது ஸ்பானியத்தில் முறைதான். ஆங்கிலத்தில் நோக்கத்தைச் சொல்ல "டு" மட்டும் போதும். மற்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின் வினை "இங்" ஈறு பெறும்: "பிஃபோர் ஈட்டிங்", "ஆஃப்டர் குக்கிங்". இந்த ஒரு விதிக்கே இரண்டு வகுப்புகள் தேவைப்படலாம். வியப்பிடைச்சொல்லுக்கு ஒதுக்கிய வாரத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வியப்பதற்கு அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.