கரைதிறன் கணக்கில் 39 எப்படி வருகிறது?

வணிகவியல்_அண்ணன்:
தங்கச்சிக்கு நாளை மறுநாள் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு, கரைசல்கள் பாடம். நான் படித்தது வணிகவியல், ஆனாலும் வீட்டில் மூத்தவன் என்பதால் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. டியூஷன் தாளில் ஒரு கணக்கு: பொட்டாசியம் நைட்ரேட்டின் கரைதிறன் 60 டிகிரி செல்சியஸில் 110 கிராம், 20 டிகிரியில் 32 கிராம். 60 டிகிரியில் உள்ள தெவிட்டிய கரைசல் 105 கிராமை எடுத்து 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் எவ்வளவு படிகம் கிடைக்கும்?

110-இல் 32 போக 78, நூறுக்கு 78 என்றால் 105-க்கு 81.9 என்று போட்டோம். தாளில் விடை 39 என்று இருக்கிறது, பாதிகூட இல்லை. அச்சுப்பிழையா? இன்னொன்று, சாப்பாட்டு உப்பு 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் கரையும் என்றால் அது 36 சதவீதக் கரைசல்தானே? அதற்கும் 26.5 என்று போட்டிருக்கிறார்கள்.

சுண்ணாம்புநீர்:
தாள் சரிதான் தம்பி. இரண்டு கேள்வியிலும் நீங்கள் வழுக்கியது ஒரே இடத்தில்தான், நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வருடா வருடம் விழும் அதே பள்ளம். கரைதிறன் என்பது 100 கிராம் *கரைப்பானில்* எவ்வளவு கரையும் என்பது. நிறை சதவீதம் என்பது 100 கிராம் *கரைசலில்* எவ்வளவு கரைபொருள் இருக்கிறது என்பது. 36 கிராம் உப்பை 100 கிராம் தண்ணீரில் போட்டால் மொத்தம் 136 கிராம் ஆகிவிடுகிறதே, அப்போது 36-ஐ 136-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும், 26.5 வந்துவிடும்.

இப்போது முதல் கணக்கு. 60 டிகிரியில் 100 கிராம் தண்ணீரும் 110 கிராம் உப்பும் சேர்ந்து 210 கிராம் கரைசல். உங்களிடம் இருப்பது அதில் சரிபாதி, 105. ஆக தண்ணீர் 50, உப்பு 55. குளிர்ந்த பிறகும் தண்ணீர் அதே 50 கிராம்தான், அது 20 டிகிரியில் 16 கிராமைத்தான் தாங்கும். 55-இல் 16 போனால் 39. நீங்கள் போட்ட 81.9-ஐ ஒரு நிமிடம் பாருங்கள், கரைந்திருந்த உப்பே மொத்தம் 55 கிராம், அதிலிருந்து 82 கிராம் எப்படிப் படியும்? விடை வந்ததும் இப்படி ஒரு தடவை உறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது பெரிய உதவி.

உப்பளத்தான்:
தூத்துக்குடியில் இருந்து. மேலே சொன்ன குளிரவைக்கும் வித்தை வெடியுப்புக்குத்தான் (பொட்டாசியம் நைட்ரேட்டின் பழைய பெயர்) பலிக்கும், சாப்பாட்டு உப்புக்குப் பலிக்காது. அது 0 டிகிரியில் 35.7 கிராம், கொதிக்கிற தண்ணீரிலேயே 39 கிராம் அளவுதான், அவ்வளவு சூடாக்கி ஆறவைத்தாலும் மூன்று கிராம்தான் தேறும். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் கடல்தண்ணீரைக் குளிரவைப்பதில்லை, பாத்தியில் விட்டு வெயிலில் தண்ணீரையே போகவிடுகிறோம். அதிலும் முதலில் ஜிப்சம் படிந்துவிடும், அப்புறம்தான் உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும், அது உப்போடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று ஆகிவிடும். பாடத்தில் ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மம் என்று வருமே, அந்த ரகம்தான் இது.

கடைசிபெஞ்ச்:
ஒரு சந்தேகம். சூடாக்கினால் எல்லாமே அதிகம் கரையும் என்று எழுதிவிடலாமா? கலக்கினாலும் அதிகம் கரையும்தானே?

சுண்ணாம்புநீர்:
இரண்டுமே கூடாது. கலக்கினால் சீக்கிரம் கரையும், அதிகம் கரையாது. சர்க்கரையைப் பொடித்துப் போட்டாலும் அதே கதை. சூட்டைப் பொறுத்தவரை, வாயுக்கள் நேர் எதிர், வெயிலில் கிடந்த சோடா பாட்டிலைத் திறந்து பாருங்கள். திடப்பொருளிலும் விதிவிலக்கு உண்டு, சுண்ணாம்பு சூட்டில் குறைவாகத்தான் கரையும், தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொதிக்கவைத்தால் கலங்கும். என் பெயருக்குக் காரணம் இப்போது தெரிந்ததா?

வணிகவியல்_அண்ணன்:
நன்றி சார். தங்கச்சி புரிந்துகொண்டது மட்டுமில்லை, ஒரு படி மேலே போய்விட்டாள். படிகத்தை எடுத்த பிறகு மிஞ்சுவது 66 கிராம், அதில் 16 கிராம் உப்பு என்றால் 24.2 சதவீதம், 32-ஐ 132-ஆல் வகுத்தாலும் அதே 24.2 வருகிறது, அப்படியானால் மிச்சமும் தெவிட்டிய கரைசல்தானே என்று கேட்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். சரிதானே?

சுண்ணாம்புநீர்:
சரிதான். இனி நீங்கள் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.