மோவாய் முடிக்கு லேசர்: 32,000 ரூபாய் கொடுக்கலாமா?

பாளையங்கோட்டைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 27. மூன்று ஆண்டுகளாக என் மோவாயிலும் தாடையின் கீழும் தடித்த கருமுடி வளர்ந்து வருகிறது. மேலுதட்டில் இருப்பது சிறு வயதிலிருந்தே உள்ள பூனைமுடிதான். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மோவாய்க்குப் பத்து நாளுக்கு ஒருமுறை 80 ரூபாய் கொடுத்து த்ரெட்டிங் செய்துகொள்கிறேன். எட்டாம் நாளிலிருந்தே, முதல் வரிசைப் பிள்ளைகள் என் முகத்தையா பாடத்தையா பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இப்போது ஆவணி பிறந்துவிட்டது. தையில் எனக்குத் திருமணம். ஒரு லேசர் நிலையத்தில் விசாரித்தபோது மேலுதடு, மோவாய், தாடை மூன்றுக்கும் சேர்த்து எட்டு அமர்வுகளுக்கு 32,000 ரூபாய் என்றும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சற்றுக் குறைப்பார்கள் என்றும் சொன்னார்கள். என் சம்பளம் 21,000. த்ரெட்டிங்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய்தான் ஆகிறது. அப்படிப் பார்த்தால் பதினோரு ஆண்டுச் செலவை ஒரே நாளில் கொடுப்பதாகிறது. ஆயுளுக்கும் தொல்லை தீரும் என்றால் கட்டிவிடு என்கிறார்கள் அம்மா. ஆச்சியோ, "நாடியில கத்தி, கரண்டு எதுவும் படக்கூடாது, கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் அரைச்சுத் தேய்ச்சா உதிர்ந்திரும்" என்கிறார்கள். ஓராண்டு தேய்த்துப் பார்த்தேன். முகம் மஞ்சளானதே தவிர முடி குறையவில்லை. செய்துகொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்பை மதினி:

தங்கச்சி, நான் அம்பாசமுத்திரம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அக்குளுக்கும் கால்களுக்கும் லேசர் செய்துகொண்டேன், முகத்துக்குச் செய்யவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

அக்குளுக்கு ஓர் அமர்வு 1,800 வீதம் ஆறு அமர்வுகள், மொத்தம் 10,800 ரூபாய். அதற்கு முன் வேக்சிங்குக்கு மாதம் 150 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்களைப் போலக் கணக்குப் போட்டால் கொடுத்த பணத்தை ஈடுகட்ட ஆறு ஆண்டுகள் ஆகும். ஆனாலும் அந்தப் பணத்துக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வேக்சிங் செய்யும் ஒவ்வொரு முறையும் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து, சீழ் கோத்து, ஆறிய பிறகு கறுத்துப்போகும். கையைத் தூக்கிக் கொடியில் துணி காயப்போடவே வலிக்கும். மூன்றாவது அமர்வோடு அந்தத் துன்பம் நின்றது. கால்களுக்குக் கொடுத்த பணத்தைத்தான் சொல்லி ஆற்றாமைப்படுகிறேன். எந்நேரமும் சேலை கட்டுகிறவளுக்குக் கால்முடி யார் கண்ணில் பட்டது?

நிலையத்தில் சொல்லாத செலவுகளும் உண்டு. ஒவ்வொரு அமர்வுக்கும் பேருந்தில் திருநெல்வேலி வந்து திரும்ப அரைநாள் விடுப்பு எடுத்தேன். வலி பொறுக்கக்கூடியதுதான், தாளிக்கும்போது கடுகு தெறித்துக் கையில் பட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு சுருக்கு, கூடவே முடி கருகும் வாடை. முதல் அமர்வு முடிந்து ஒரு வாரத்தில் முடி வளர்வதுபோலத் தோன்றி ஏமாந்துவிட்டேனோ என்று பயந்தேன். அது வளரவில்லை, வெந்த முடி வெளியே தள்ளப்பட்டு உதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது அக்குளில் மெல்லிய முடி அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை போய் ஓர் அமர்வு வைத்துக்கொள்கிறேன். ஆகவே "ஆயுளுக்கும்" என்ற சொல்லை மட்டும் அம்மாவின் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நெல்லை தோல் மருத்துவர்:

மேலே எழுதியவர் அனுபவத்தால் சொன்னதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது. இந்தக் கருவிகளை "நிரந்தர முடிக்குறைப்பு" என்ற பெயரில்தான் அது ஏற்கிறது. குறைப்பு என்பது வேறு, நீக்கம் என்பது வேறு.

ஆனால் கேள்வி கேட்ட ஆசிரியைக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது லேசரைப் பற்றியே அல்ல. இருபத்து நான்கு வயதுக்குப் பிறகு மோவாயில் தடித்த கருமுடி புதிதாக வரத் தொடங்கியிருக்கிறது என்றால், அதற்கான காரணத்தைத் தேடாமல் எந்தக் கருவியின் முன்னும் உட்காரக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை கூடியிருக்கிறதா, முகப்பரு, உச்சியில் முடி உதிர்தல் உண்டா என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு மிகப் பொதுவான காரணம் சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் ஆகிய இரத்தப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேனும் போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காலையில் சீட்டு எடுத்துக் காட்டலாம், கட்டணம் இல்லை. ஆண் ஹார்மோன் மிகுதியாக இருக்கும்போது லேசர் மட்டும் செய்வது, மடையை அடைக்காமல் வயலில் நிற்கும் நீரை இறைப்பதைப் போன்றது. இன்று முடி முளைக்கும் வேர்களைச் சுட்டாலும், நேற்றுவரை பூனைமுடியாக இருந்தவை நாளை தடித்து வரும்.

அடுத்தது நாள்கணக்கு. லேசர் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு வேரைத் தாக்குகிறது. ஒளியின் அலைநீளத்தையும் துடிப்பின் நேரத்தையும் இலக்குக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983இல் விளக்கினார்கள். வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே வேரோடு சரியாக ஒட்டியிருக்கும் என்பதால், ஓய்வில் உள்ளவை விழிக்கும்வரை காத்திருந்து மீண்டும் சுட வேண்டியிருக்கிறது. முகத்துக்கு இந்த இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம். ஆவணியில் தொடங்கினாலும் தைக்குள் நான்கு அமர்வு, மிஞ்சிப்போனால் ஐந்து. எட்டுக்கும் முன்பணம் கட்டச் சொன்னவர்கள் இதை உங்களிடம் சொன்னார்களா?

அதே மெலனின் தோலிலும் இருக்கிறது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் தோலில், அலைநீளம் குறைந்த கருவி முடியை விட்டுவிட்டுத் தோலைச் சுட்டுவிடக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நியோடிமியம் யாக் என்னும் லேசர் கருவி நம் தோலுக்கு மிகவும் பாதுகாப்பானது. 810 நானோமீட்டர் டயோடு கருவியும், நல்ல குளிரூட்டலோடு, பழகிய கையில் பொருந்தும். எந்தக் கருவி, யார் இயக்குவார்கள், காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில நாள் கழித்துத் தொடங்குவார்களா என்று கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேலுதட்டுப் பூனைமுடியில் லேசர் படவே வேண்டாம். ஒளியை உறிஞ்ச அதில் போதிய கருமை இல்லை. மேலும், கறுத்த தோல் உடைய பெண்களுக்கு, குறிப்பாக ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு, முகத்தில் மெல்லிய முடி இருந்த இடத்தில் லேசருக்குப் பிறகு முடி கூடுதலாக வளர்வதும் உண்டு. உங்கள் தொகுப்பில் மூன்றில் ஒரு பகுதி உங்களுக்கு வேண்டாததாகவும், ஒருவேளை தீங்காகவும் இருக்கிறது.

தென்காசிச் சாரல்:

மருத்துவர் சொன்னதை என் கன்னத்தில் எழுதிவைத்திருக்கிறேன் என்றே சொல்லலாம். ஓர் அழகு நிலையத்தில் "லேசர்" என்று சொல்லி எனக்குச் செய்தது லேசரே அல்ல, ஐ.பி.எல். என்னும் பல அலைநீளங்கள் கலந்த ஒளி என்று பின்னால்தான் தெரிந்தது. குற்றாலத்தில் இரண்டு நாள் வெயிலில் அலைந்துவிட்டு மூன்றாம் நாள் போனேன். வெயிலில் கறுத்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கருவியின் முனை பட்ட இடமெல்லாம் சதுரம் சதுரமாகக் கறுத்து, தெளிய ஏழு மாதம் ஆனது. 900 ரூபாய் சலுகை விலைக்குப் போய், களிம்புக்கும் மருத்துவருக்கும் அதைப்போல் ஐந்து மடங்கு கொடுத்தேன். வெயில் காலத்தில் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாளே நல்லது. அப்போதும் சன்ஸ்கிரீனை விடக் கூடாது.

ஹைகிரவுண்டு மாணவி:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. லேசர் தொடங்கினால் த்ரெட்டிங், வேக்சிங், பிடுங்குதல் எல்லாவற்றையும் முதல் அமர்வுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வேரில் முடி இல்லாவிட்டால் ஒளி எதைப் பிடிக்கும்? இடைப்பட்ட நாட்களில் மழிக்கத்தான் வேண்டும். மழித்தால் முடி தடித்து வளரும் என்று எல்லா ஆச்சிமாரும் சொல்கிறார்கள்; மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928இலேயே அளந்து பார்த்து அப்படி இல்லை என்று எழுதிவிட்டார். நுனி கூர்மையாக இல்லாமல் வெட்டுப்பட்டு நிற்பதால் தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது, அவ்வளவுதான். மழிக்க மனம் துணிந்துவிட்டால் லேசரே தேவைதானா என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். பத்து, பதினைந்து முடிதான் என்றால் மின்னூசியால் ஒவ்வொரு வேராக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் முறையும் உண்டு. நரைமுடிக்கும் அது பயன்படும், லேசர் பயன்படாது.

பாளையங்கோட்டைக்காரி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஹைகிரவுண்டில் காட்டினேன். டெஸ்டோஸ்டிரோன் சற்று மிகுதி. ஸ்கேனில் நீர்க்கட்டியும் தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வருவதை நானாகவே வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்றும், திருமணத்துக்குப் பின் குழந்தைக்குத் திட்டமிடும் முன் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். முன்பணம் கட்டவில்லை. மோவாய்க்கும் தாடைக்கும் மட்டும், யாக் கருவி உள்ள ஓர் இடத்தில், ஓர் அமர்வுக்கு 2,500 வீதம் அவ்வப்போது கொடுத்துச் செய்ய ஐப்பசி முதல் வாரத்தில் நாள் வாங்கியிருக்கிறேன். ரேசர் வாங்கி, ஆச்சி கண்ணில் படாமல் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நலங்குக்கு மஞ்சள் பூசுவார்களே, அது ஒத்துக்கொள்ளுமா?

நெல்லை தோல் மருத்துவர்:

கடைசி அமர்வுக்கும் நலங்குக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள். தோல் சிவப்பு அடங்கியிருந்தால் மஞ்சள் பூசலாம். திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் முகத்துக்குப் பிளீச் மட்டும் வேண்டாம்.