பழைய நம்பர் பிளேட் சேர்க்கிறேன், துருவைச் சுரண்டலாமா?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பழைய நம்பர் பிளேட்டுகளைச் சேர்ப்பது எனக்குப் பித்து. தபால்தலை, நாணயம் என்று சொன்னால் மரியாதையாகப் பார்க்கும் ஊர், நம்பர் பிளேட் என்றதும் "போலீஸ் வராதா?" என்று கேட்கிறது. வீட்டில் அதற்கும் மேல். இரும்புக் கடைக்கு எப்போது திறப்பு விழா என்கிறாள் மனைவி.

என்னிடம் இருப்பதில் பெரும்பாலானவை கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. மாமாவின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய முன் தகடுதான் எனக்கு உயிர். மட்கார்டின் மேல் மீன் துடுப்பு மாதிரி எழுந்து நிற்குமே, இரண்டு பக்கமும் எண் எழுதிய அந்த வளைந்த தகடு. கீழ் ஓரத்தில் துரு ஏறிவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்கிறார். செய்யலாமா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இவற்றை வைத்திருப்பது சட்டப்படி தப்பா? வெளிநாடுகளில் நினைவு வெளியீடாகவே நம்பர் பிளேட் போடுகிறார்களாம். அவற்றையும் சேர்க்கலாமா, அல்லது நம் பக்கத்துத் தகடுகளோடு நிறுத்திக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தூரிகை எழுதியது:

தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைப் பிடுங்கி வெளியே எறியுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் கிருஷ்ணகிரியில் நம்பர் எழுதிப் பிழைத்தவன். ஸ்டிக்கர் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கும் வரை, எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் லாரிகள் என் கடை வாசலில் வரிசையாக நிற்கும். காலையில் ஆய்வாளர் முன்னால் வண்டி நிற்க வேண்டும், எண் பளிச்சென்று தெரிய வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் எழுதியிருக்கிறேன். சுண்ணாம்புக்கட்டி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் தகட்டில் மேல்கோடும் கீழ்கோடும் விழும். அந்த இரண்டு கோட்டுக்குள் எழுத்து நிற்க வேண்டும். காருக்கும் லாரிக்கும் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10 என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மோட்டார் சைக்கிளின் பின் தகட்டில் எழுத்து 35, எண் 40. எங்களுக்கு ஸ்கேல் தேவைப்படாது, கை அளவு பழகிப்போயிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மாமாவின் ஜாவா தகட்டில் இருப்பது வெறும் எண் அல்ல, ஒருவர் கையெழுத்து. எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும். எனக்குத் தெரிந்த ஒருவர் 9-இன் வாலை உள்பக்கம் சுழித்து விடுவார். காவேரிப்பட்டினத்தில் இன்னொருவர் 4-இன் மேல்பகுதியை மூடவே மாட்டார், திறந்துதான் விடுவார். நான் 2-இன் அடிக்கோட்டை ஒரு மயிரிழை மேல்நோக்கி வளைப்பேன், அதை வைத்தே என் வேலை என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். பட்டறைக்காரர் தேய்த்துப் புதிதாக எழுதினால் உங்களிடம் மிஞ்சுவது பழைய தகரமும் புதுப் பெயின்டும்தான். மாமா ஓட்டிய வண்டியின் தகடு போய்விடும்.

தேய்ப்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அந்தக் காலத்து எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர்ந்த தூளாக உப்புத்தாளில் பறந்தால் அது உங்கள் மூச்சில்தான் போகும். கடையில் குழந்தைகள் வந்து போவார்கள் அல்லவா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு, மென்மையான துணியால் அழுத்தாமல் துடையுங்கள். தின்னர் தொடவே கூடாது, கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கரைந்து வழியும். துணியிலேயே ஈரத்தை ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். துருப்பிடித்த ஓரத்தில் மட்டும் பஞ்சில் தொட்டு லேசாக மெஷின் எண்ணெய், அதுவும் பெயின்ட் மேல் படாமல். பிறகு காருக்குப் போடும் நல்ல மெழுகு ஒரு பூச்சு. மழைக்காலத்தில் சுவரில் நேரடியாகச் சாத்தாதீர்கள், ஈரச் சுவர் பின்னாலிருந்து தின்றுவிடும். அடுக்கி வைப்பதாக இருந்தால் நடுவில் பழைய பருத்தி வேட்டித் துணி. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

அலுமினியத் தகட்டில் எழுத்தை வார்த்து ரிவெட் அடித்தது ஏதாவது இருந்தால் ரிவெட்டைப் பாருங்கள். இரும்பு ரிவெட்டாக இருந்தால் அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரியும். அதற்கும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

எதைச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். என் யோசனை, எண்ணைத் துரத்தாதீர்கள். 1111, 786 என்று தேடி அலைபவர்கள் சேகரிப்பவர்கள் அல்லர், ராசி பார்ப்பவர்கள். தகடு கைக்கு வந்த அன்றே அது எந்த வண்டி, யாருடையது, என்ன வேலை செய்தது, எந்த ஊரில் கழன்றது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த விவரம் சேராத தகட்டை நான் கிலோ விலைக்குத்தான் மதிப்பேன்.


ராயக்கோட்டை ரோடு எழுதியது:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய இரும்பு எடுக்கும் தொழில் எங்களுக்கு, அதனால் இது தினசரிப் பாடம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 படி வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓட்டவே முடியாது என்ற நிலைக்குப் போனாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், பதிவு ரத்தாகும். அப்படி ரத்தான வண்டியின் தகட்டை, ரத்துக் கடித நகலோடு வாங்குங்கள். உங்களுக்கும் நிம்மதி, விற்றவருக்கும் நிம்மதி. பதிவு உயிரோடு இருக்கும் எண்ணை வாங்கிச் சுவரில் மாட்டி, நாளைக்கு அது காணாமல் போய் யாரோ ஒரு திருட்டு வண்டியில் மாட்டிக்கொண்டால், விசாரணை உங்கள் கடைக்கு வரும். எந்தத் தகடானாலும் வேறு வண்டியில் பூட்டவே கூடாது, "சும்மா போட்டோவுக்கு" என்றாலும் கூடாது.

தொப்பூர் கணவாயில் விபத்தான வண்டிகளின் தகடு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். வழக்கு முடியாத வரை வண்டியின் ஒவ்வொரு பாகமும் வழக்குச் சொத்து. வழக்கு முடிந்திருந்தாலும், எனக்கு மனசு ஒப்பாது.

நம் மாவட்டங்களில் ஒரு வசதி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காதது. பெங்களூரில் வாங்கிய பழைய வண்டிகள் இங்கே நிறைய வருகின்றன. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது பிரிவு 47. தடையில்லாச் சான்று வாங்கி, டி.என். 24, 29, 70 என்று எண் மாறியதும் பழைய கர்நாடகத் தகடு மெக்கானிக் கடை மூலையில் கிடக்கும். கர்நாடகம் மைசூர் மாநிலமாக இருந்த, 1973-க்கு முந்தைய காலத்து எம்.ஒய். தகடுகூட இப்படித்தான் எங்களிடம் வந்தது. ஓசூர், சூளகிரி மெக்கானிக்குகளிடம் டீ குடித்துக்கொண்டே கேட்டு வையுங்கள்.


சிப்காட் வாசி எழுதியது:

வெளிநாட்டுத் தகடுகள் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓசூரில் வேலை, நண்பர்கள் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒன்றிரண்டு கொண்டுவருவார்கள்.

அங்கே இது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்ததற்குக் காரணம் எளிது. பல மாநிலங்கள் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் புதுத் தகடு, புது நிறம் என்று மாற்றின. பழையது வண்டிக்காரர் கையிலேயே தங்கியது. நம் ஊரில் வண்டி இருக்கும் வரை ஒரே எண், லாரி என்றால் அதே தகட்டின் மேலேயே அடுக்கடுக்காகப் பெயின்ட். தகட்டுக்கே பஞ்சம் வராமல் என்ன செய்யும்? அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் சங்கமான ஏ.எல்.பி.சி.ஏ. 1954 முதல் நடக்கிறது.

நினைவுத் தகடு என்றால் எனக்குப் பிடித்தது கனடாவின் வடமேற்குப் பிரதேசத் தகடு. அந்தப் பிரதேசத்தின் நூற்றாண்டான 1970-இல் தகட்டையே பனிக்கரடி வடிவத்தில் வெட்டினார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1928-லேயே தகட்டில் பெரிய உருளைக்கிழங்கைப் படமாகப் போட்டது. இரும்பு போர்முனைக்குப் போன இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இல்லினாய் 1943-இல் சோயா மொச்சை சேர்த்த அட்டையில் தகடு போட்டது. கால்நடைகள் அதைத் தின்றன என்று கதை. நம் ஊர் ஆடுகள் போஸ்டரோடு நிறுத்திக்கொள்கின்றன, அந்த வகையில் நாம் தப்பித்தோம்.

வாங்கும்போது ஜாக்கிரதை. இணையத்தில் உணவகச் சுவருக்காக அச்சடித்த மெல்லிய அலங்காரத் தகடுகள்தான் அதிகம். அசல் அமெரிக்கத் தகடு 1956-க்குப் பிறகு 12 அங்குலம் நீளம், 6 அங்குலம் உயரம். பெரும்பாலும் எண் புடைத்திருக்கும், திருப்பிப் பார்த்தால் பின்னால் அதே எண் குழிந்து தெரியும். போல்ட் துளையைச் சுற்றித் தேய்மானம் இருக்கும். எல்லாம் மழமழவென்று இருந்தால் அது வண்டியையே பார்த்திராத தகடு.

நம் நாட்டு விதியில் நினைவுத் தகட்டுக்கு இடமில்லை. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது, பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த தனிப் பதிவு வரிசை. 50 வயதைக் கடந்து, அசல் வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மாநில எழுத்தை அடுத்து வி.ஏ. என்று வரும் எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே. உங்கள் மாமாவின் ஜாவா இன்னும் இருக்கிறதா?


பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜாவா எப்போதோ போய்விட்டது. மாமா அதை விற்றபோது முன் தகட்டை மட்டும் எப்படிக் கழற்றி வைத்தார் என்று அத்தையிடம் கேட்டிருக்கிறேன், சொன்னால் நோட்டில் ஏறும். பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

தூரிகை ஐயாவுக்கு ஒரு கேள்வி. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு லாரித் தகடு வாங்கினேன். மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து, ஆனால் உரிந்த இடத்தில் அடியில் வெள்ளை தெரிகிறது. வெள்ளையிலும் ஏதோ கறுப்பாக இருக்கிறது. வேறு வண்டியின் எண்ணை மறைத்து எழுதியதா? பயமாக இருக்கிறது.


தூரிகை எழுதியது:

பயப்படாதீர்கள் தம்பி. இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை சொந்த வண்டிக்குக் கறுப்பில் வெள்ளை, வாடகை வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு. அதன் பிறகுதான் சொந்த வண்டி வெள்ளைத் தகட்டுக்கும், லாரியும் டாக்சியும் மஞ்சளுக்கும் மாறின. அந்த மாற்றத்தின்போது எங்களுக்குத் தீபாவளி. பழைய வெள்ளைத் தகட்டின் மேலேயே மஞ்சளை ஓட்டி, அதே எண்ணைத் திரும்ப எழுதிக்கொடுத்தோம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

ஊகிக்க வேண்டாம், பார்த்தே விடலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டின் பக்கவாட்டில் ஏறக்குறையப் படுக்கவைத்து அடியுங்கள். எனாமல் எழுத்துக்குக் கனம் உண்டு. அடியில் இருக்கும் எழுத்து மேல் பூச்சுக்குள் மேடாக நிழல் விழுந்து தெரியும். அடியில் உள்ள எண்ணும் மேலே உள்ள எண்ணும் ஒன்றாக, கொஞ்சம் விலகி இருந்தால் எஃப்.சி.க்கு எழுதிய அடுக்குகள். அப்படியானால் விட்டுவிடுங்கள், உரிக்க வேண்டாம், அந்த அடுக்குகள்தான் அந்த லாரியின் ஜாதகம்.

எண் வேறாக இருந்தாலும் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். மாநிலம் மாறி வந்த லாரியாக இருக்கலாம், இரும்புக் கடைத் தகட்டை வாங்கி மறுபடி எழுதியதாகவும் இருக்கலாம், நாங்களே அப்படித் தகடு வாங்குவோம். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு மேலே ராயக்கோட்டை ரோடு சொன்னபடி பதிவு நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

டார்ச் அடித்ததும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அதில் 2 இருந்தால் அடிக்கோட்டைக் கிட்டத்தில் எடுங்கள்.